ஆப்பை மூடியாச்சு, பாட்டு மட்டும் நிக்கலையே!

இந்த மாசம் வந்த கேள்விங்களைப் பிரிச்சு வச்சுப் பார்த்தா தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் ஒரே வியாதி போல. பாட்டு போட்டோம், மூடினோம், ஆனா அது பாடிக்கிட்டே இருக்கு. சரி, இந்த தடவை முழுசா இதுக்கே ஒதுக்கிடுவோம்னு மத்த கேள்விங்களை (போன் சூடாவுது, சார்ஜ் நிக்கல வகையறா) ஓரமா வச்சுட்டேன், அடுத்த தடவை வரும், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: பென்னாகரத்துல சின்னதா தையல் கடை வச்சிருக்கேன். காலையில கடை தொறந்ததும் போன்ல சாமி பாட்டு போட்டுருவேன். யாராச்சும் அளவு குடுக்க வந்தா உடனே கீழ இருக்கிற சதுர பட்டனை அழுத்தி எல்லாத்தையும் மேல தள்ளி விட்டுருவேன், எல்லாம் கிளியர்னு காட்டுது, ஆனா பாட்டு பாட்டுக்கு ஓடுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் நிக்குது. இது வைரஸ், போனை ஃபார்மட் அடிக்கணும்ங்கறான் என் தம்பி. அடிச்சுரட்டுமா?
– தையல்கார அக்கா, பென்னாகரம்

பதில்: அக்கா, அடிக்காதீங்க, தம்பி கையில போனையும் குடுக்காதீங்க. ஃபார்மட் அடிச்சா உங்க போட்டோ, கஸ்டமர் நம்பர், அளவு எழுதி வச்சது எல்லாம் போயிரும், மறுபடியும் அதே பாட்டு ஆப்பை இறக்கினா அது மறுபடியும் இதையேதான் செய்யும். ஏன்னா இது ரிப்பேரே இல்ல, அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க.

உங்க ஊரு பக்கம் தெருக்கூத்து பார்த்திருப்பீங்க, ரெண்டு பேரு திரையைப் பிடிச்சு வேஷக்காரரை மறைச்சாலும் பின்பாட்டும் முகவீணையும் மிருதங்கமும் நிக்காம போயிட்டே இருக்கும்ல, போன்லயும் அதே கதைதான். நீங்க மேல தள்ளி விடுறது கண்ணுக்குத் தெரியற பக்கத்தை மட்டும். பாட்டைப் பாடுறது பின்னாடி தனியா ஓடுற இன்னொரு துண்டு, ஆண்ட்ராய்டுல அதுக்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்னு பேரு. பாட்டு கேட்டுக்கிட்டே வாட்ஸ்அப் பார்க்கணும், கேமரா தொறக்கணும், ஸ்கிரீனை அணைச்சுட்டு மெஷின் மிதிக்கணும்னு நாமதானே கேட்டோம், அதுக்காகத்தான் பாட்டைப் பக்கத்துல இருந்து பிரிச்சு வச்சாங்க. பக்கத்தைத் தள்ளி விட்டா பாட்டையும் நிறுத்தணுமா வேண்டாமாங்கறதை அந்த ஆப் எழுதினவங்கதான் முடிவு பண்றாங்க, சில ஆப் நின்னுக்கும், சிலது நிக்காது. உங்களுது நிக்காத ரகம்.

ஆனா கூகுள்காரங்க ஒரு கண்டிஷன் போட்டு வச்சிருக்காங்க. 2017-ல வந்த ஆண்ட்ராய்டு 8-ல இருந்து பின்னாடி ஓடுற ஆப்புங்களுக்கு கெடுபிடி ஜாஸ்தி. இப்படி தொடர்ந்து ஓடணும்னா மேல நோட்டிஃபிகேஷன்ல தன் தலையைக் காட்டியே ஆகணும், அதுவும் சர்வீஸ் ஆரம்பிச்ச 5 செகண்டுக்குள்ள, இல்லேன்னா சிஸ்டமே அதை மூடிரும். அதனால பாட்டு ஓடுதுன்னா அதோட பிடி மேலதான் எங்கயோ இருக்கும். ஸ்கிரீனோட உச்சியில இருந்து கீழ இழுங்க, பாட்டுப் பேரு படத்தோட ஒரு பட்டை இருக்கும், 2020-ல வந்த ஆண்ட்ராய்டு 11-ல இருந்து அது வைஃபை, டார்ச் பட்டனுங்க பக்கத்துலயே வந்து உக்காந்துக்குது. அதுல பாஸ் அழுத்துங்க, நின்னப்புறம் அந்த பட்டையை ஓரமா தள்ளுங்க. பாடிக்கிட்டு இருக்கும்போதே தள்ளினா பல போன்ல அது அசையவே அசையாது, அதைப் பார்த்துட்டுத்தான் பாதி பேரு வைரஸ்ங்கறாங்க.

பட்டையே இல்லையேன்னா, நீங்களே எப்பவோ அந்த ஆப் நோட்டிஃபிகேஷன் தொல்லை தாங்காம பிளாக் பண்ணியிருப்பீங்க. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப் பேரு, நோட்டிஃபிகேஷன்ஸ்னு போய் ஆன் பண்ணுங்க. உங்க போன் ஆண்ட்ராய்டு 13-ஓ அதுக்கு மேலயோன்னா இன்னும் சுலபம், மேல இருந்து முழுசா கீழ இழுத்தா அடியில இத்தனை ஆப் ஓடுதுன்னு சின்னதா ஒரு வரி தெரியும், அதைத் தொட்டா ஒவ்வொண்ணுக்கும் நேரா ஸ்டாப் பட்டன் இருக்கும். எதுக்கும் மசியலேன்னா அதே ஆப் பக்கத்துல ஃபோர்ஸ் ஸ்டாப்னு இருக்கும், அழுத்துங்க. பேரு பயமுறுத்தும், ஒண்ணும் ஆவாது, நீங்க மறுபடி தொறக்கிற வரைக்கும் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஆனா ஸ்டோரேஜ்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள இருக்கிற கிளியர் டேட்டா பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க, இறக்கி வச்ச பாட்டெல்லாம் காலி ஆயிரும்.

தினமும் நடக்கிற வேலைக்கு இவ்வளவு தேவையில்ல, ஆள் வந்தா முதல்ல பாஸ், அப்புறம்தான் மூடுறது. இந்த வரிசை பழகிருச்சுன்னா போதும்.

கேள்வி: பாலக்கோட்டுல மைக்செட் வச்சிருக்கேன். தங்கச்சிக்கு ஸ்கூல்ல அரசு குடுத்த லேப்டாப்தான், விண்டோஸ் 7, விஎல்சிங்கற பிளேயர்ல பாட்டு. போன வாரம் மாரண்டஹள்ளி பக்கம் கல்யாணம், ராத்திரி குத்துப் பாட்டு போட்டு முடிச்சு விஎல்சியை மூடிட்டு லேப்டாப்பையும் மூடி வண்டியில போட்டுட்டேன். மறுநாள் காலையில ஒரு எழவு வீட்டுக்கு செட்டு கட்டி, ஒப்பாரி பாட்டு போடலாம்னு லேப்டாப்பை தொறந்ததுதான் தாமதம், ராத்திரி விட்ட இடத்துல இருந்து குத்துப் பாட்டு ரெண்டு பாக்ஸ்லயும் அலறுது. ஸ்கிரீன்ல விஎல்சியே இல்ல! நான் என்னத்தை மூட? பதறிப் போய் ஒப்பாரி ஃபைலை கிளிக் பண்ணா ரெண்டும் சேர்ந்து பாடுது. பங்காளிங்க அடிக்க வந்துட்டாங்க அண்ணே. லேப்டாப்பை மாத்தணுமா?
– மைக்செட்காரர், பாலக்கோடு

பதில்: தம்பி, படிச்சுட்டு சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ, அந்த வீட்டுக்காரங்க நிலைமையை நினைச்சா சிரிக்கக் கூடாதுதான். லேப்டாப்பை மாத்த வேணாம். உனக்கு நடந்தது ரெண்டு தனித்தனி கோளாறு ஒண்ணா சேர்ந்துக்கிட்டது, அதான் குழப்பம்.

முதல் விஷயம் விஎல்சி. அந்தப் பெருக்கல் குறியை அழுத்தினா ஜன்னல் மறையும், ஆனா உள்ள ஓடுற பிராசஸ் சில சமயம் சாகாம தொங்கிக்கிட்டு நிக்கும். சவுண்ட் டிரைவர் சரியா பதில் சொல்லாம இருந்தா இப்படி ஆகும், பாட்டு பென்டிரைவ்ல ஓடிக்கிட்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கினாலும் ஆகும் (மைக்செட் வேலையில இதை தினமும் செய்வீங்கன்னு எனக்குத் தெரியும், அவசரத்துல எல்லாரும் பிடுங்குறதுதான்). அதனால கல்யாணக்காரங்க குடுக்கிற பென்டிரைவ்ல இருந்து நேரா ஓட்டாத, முதல்ல லேப்டாப்ல காப்பி பண்ணிக்கோ.

ரெண்டாவது லேப்டாப்போட மூடி. மூடியை மடக்கினா லேப்டாப் அணையறதில்ல தம்பி, தூங்குது. தொங்கிக்கிட்டிருந்த விஎல்சியும் கூடவே தூங்குச்சு, நீ காலையில தொறந்ததும் ரெண்டும் ஒண்ணா எழுந்திருச்சு, ராத்திரி எந்த வரியில விட்டுச்சோ அங்க இருந்தே பாட ஆரம்பிச்சுருச்சு. முறையா ஷட் டவுன் பண்ணியிருந்தா அந்தத் தொங்கல் பிராசஸும் செத்திருக்கும், உனக்கு இந்த வம்பே வந்திருக்காது. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போனா மூடியை மடக்கினா என்ன செய்யணும்னு கேக்குற ஒரு இடம் இருக்கும், அங்க ஷட் டவுன்னு மாத்தி வச்சிரு, பேட்டரியில ஓடும்போது, கரண்ட்ல ஓடும்போதுன்னு ரெண்டு பெட்டி இருக்கும், ரெண்டையும் மாத்தணும்.

அடுத்த தடவை பேய் பிடிச்ச மாதிரி பாடுச்சுன்னா, முதல் வேலை லேப்டாப்ல கை வைக்காத, மிக்சர்ல லேப்டாப் வர்ற லைனை இறக்கு. மைக்செட்காரனுக்கு இதை நான் சொல்லணுமா, ஆனா பதட்டத்துல எல்லாரும் மவுஸைத்தான் பிடிக்கிறாங்க. சத்தத்தை அடக்கிட்டு நிதானமா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 7-ல அதுல முதல்ல அப்ளிகேஷன்ஸ்னு ஒரு டேப் தெரியும், அங்க தேடினா விஎல்சி இருக்காது, ஏன்னா ஜன்னல் இருக்கிறதை மட்டும்தான் அது காட்டும். பக்கத்துல பிராசஸஸ் டேப்புக்குப் போ, வரிசையில விஎல்சி இருக்கும், ஒண்ணுக்கு மேலயும் இருக்கும், ஒவ்வொண்ணா செலக்ட் பண்ணி எண்ட் பிராசஸ் குடு. பாட்டு எதுல இருந்து வருதுன்னே தெரியலேன்னா வலது பக்க மூலையில ஸ்பீக்கர் படத்து மேல வலது கிளிக் பண்ணி வால்யூம் மிக்சரைத் தொற, எந்தெந்த புரோகிராம் சத்தம் விடுதோ அது பேரோட இருக்கும், பச்சைக் கோடு குதிக்கிறதுதான் உன் திருடன். விண்டோஸ் 10, 11 வச்சிருக்கிறவங்களுக்கும் வழி இதேதான், டாஸ்க் மேனேஜர்ல மட்டும் பேக்ரவுண்ட் பிராசஸஸ்னு கீழ ஒரு கும்பல் இருக்கும், அதுக்குள்ள தேடணும், பட்டன் பேரும் எண்ட் டாஸ்க்னு இருக்கும்.

ரெண்டு பாட்டு சேர்ந்து பாடினதுக்குக் காரணம், பழைய பிராசஸ் ஒரு பக்கம் ஓட, நீ கிளிக் பண்ணது புதுசா இன்னொரு விஎல்சியைத் தொறந்துச்சு. விஎல்சியில டூல்ஸ், பிரிஃபரன்சஸ் போனா முதல் பக்கத்துலயே ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ்தான் (அதாவது ஒரு நேரத்துல ஒரு விஎல்சிதான்) ஓடலாம்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு வை. போட்டதுக்கு அப்புறம் ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோ, பழைய பிராசஸ் தொங்கிக்கிட்டு நின்னா, புதுசா எந்தப் பாட்டை கிளிக் பண்ணாலும் ஒண்ணுமே தொறக்காது, விஎல்சி செத்துப் போச்சோன்னு தோணும். அப்பவும் மேல சொன்ன டாஸ்க் மேனேஜர் வேலைதான்.

இது அடிக்கடி நடக்குதுன்னா அதே பிரிஃபரன்சஸ்ல ஆடியோ பக்கத்துல அவுட்புட் மாட்யூல்னு இருக்கிறதை ஆட்டோமேட்டிக்ல இருந்து வேற ஒண்ணுக்கு மாத்தி, விஎல்சியை மூடித் தொறந்து பாரு, பல பேருக்கு இதுலயே சரியாயிருக்கு. விஎல்சியும் புதுசா இறக்கிக்கோ, அது 2001-ல இருந்து இலவசமா யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விட்ட சாஃப்ட்வேர், பாரிஸ் காலேஜ் பசங்க ஆரம்பிச்சது, காசு குடுத்து வாங்க வேண்டியதே இல்ல. மூடும்போது பெருக்கல் குறியை நம்பாம எஸ் அழுத்தி பாட்டை நிறுத்திட்டு கன்ட்ரோலும் க்யூவும் சேர்த்து அழுத்து, அதான் முழுசா வெளிய போற வழி.

இன்னொண்ணு, இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் இல்ல, இருந்தாலும் சொல்றேன். கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர், துக்கத்துக்கு ஒரு ஃபோல்டர்னு வைக்கிறதோட நிக்காம, துக்க வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு பழைய போன் வச்சுக்கோ. அந்த ஊர்ல நாளைக்கும் உனக்கு வேலை வேணும்.

கேள்வி: ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. ரூம்ல போன்ல இருந்து டிவிக்கு காஸ்ட் பண்ணி பாட்டு கேப்பேன். நைட் ஷிஃப்ட்டுக்கு கிளம்பும்போது போன்ல ஆப்பை மூடிட்டு, டிவி ஸ்கிரீன் இருட்டா இருக்கேன்னு அப்படியே பூட்டிட்டு வந்துடறேன். விடிஞ்சு போனா ஹவுஸ் ஓனர் அம்மா வாசல்லயே நிக்கிறாங்க, ராத்திரி பூரா பாட்டாம். போன் என் பாக்கெட்ல இருக்கு, வீடு இவ்வளவு தூரத்துல இருக்கு, எப்படிங்க பாடும்?
– ஷிஃப்ட் தொழிலாளி, ஓசூர்

பதில்: பாடும். காஸ்ட் பண்ணும்போது பாட்டு உங்க போன்ல இருந்து டிவிக்குப் போறதில்ல. இந்தப் பாட்டை எடுத்துப் போடுன்னு போன் ஒரு தகவல் சொல்லுது, அவ்வளவுதான், டிவி நேரா உங்க வைஃபை வழியா இன்டர்நெட்ல இருந்து பாட்டை எடுத்துக்குது. அப்புறம் உங்க போன் வெறும் ரிமோட். ரிமோட்டை பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஊர் தாண்டினா டிவி நிக்குமா? வரிசையில அடுத்தடுத்த பாட்டையும் அதுவே எடுத்துக்கும், விடிய விடிய.

கிளம்பும்போது போன் ஆப்ல அந்த காஸ்ட் படத்தை (பெட்டி மூலையில மூணு கோடு வளைஞ்சு இருக்குமே) அழுத்தி டிஸ்கனெக்ட் பண்ணுங்க, இல்லேன்னா டிவியை ரிமோட்ல அணைங்க. அணைக்கிறதுன்னா நிஜமா அணைக்கிறது, டிவி தூங்கும்போது ஸ்கிரீன் இருட்டா இருந்தா பாட்டு நின்னுருச்சுன்னு அர்த்தம் இல்ல. ரூம்ல கூட இருக்கிற பையன் அதே வைஃபையில இருந்தா அவன் போன்லயும் நோட்டிஃபிகேஷன்ல அந்த டிவியோட பாஸ் பட்டன் தெரிய வாய்ப்பிருக்கு, அவனை நிறுத்தச் சொல்லலாம்.

புளூடூத் ஸ்பீக்கர் வேற கதை, அதுல சத்தம் ஒவ்வொரு நொடியும் உங்க போன்ல இருந்துதான் போகுது, நீங்க ஒரு 10 மீட்டர் தாண்டி ரெண்டு சுவர் நடுவுல வந்தா தானா அறுந்துடும். ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட இந்த விளக்கமெல்லாம் சொல்லாதீங்க, ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிட்டுப் போங்க.

கேள்வி: தர்மபுரியில இருந்து அடிக்கடி சேலத்துக்கு கார்ல போவேன். சாவியைத் திருப்பின உடனே யாரும் கேக்காமலே பாட்டு ஆரம்பிச்சிருது, தொப்பூர் இறக்கத்துல கவனமா ஓட்ட வேண்டிய நேரத்துல பசங்க போட்டு வச்ச பாட்டு கத்துது. சேலத்துல இறங்கி காரை ஆஃப் பண்ணா அதே பாட்டு சட்டைப் பையில இருந்து தொடருது, ஆபீஸ் வாசல்ல மானம் போகுது.
– ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: ஐயா, கார் செட்டு புளூடூத்ல போனோட சேர்ந்த உடனே பிளேன்னு ஒரு கட்டளையை தானா அனுப்புது, எல்லா கார்லயும் இல்ல, நிறைய கார்ல. போன் அந்தக் கட்டளையை கடைசியா யாரு பாடினாங்களோ அவங்ககிட்ட குடுத்திருது, அதான் பசங்க பாட்டு. உங்களுக்கு கார்ல போன் பேச மட்டும் புளூடூத் போதும்னா, போன் புளூடூத் செட்டிங்ஸ்ல அந்த கார் பேரு பக்கத்துல இருக்கிற சக்கரத்தை அழுத்தி, மீடியா ஆடியோவை மட்டும் அணைச்சுட்டு போன் கால்ஸை விட்டு வைங்க. ஆண்ட்ராய்டு ஆட்டோ (போன் ஆப்புங்களை கார் ஸ்கிரீன்ல காட்டுறது) வச்சிருக்கிறவங்கன்னா அதோட செட்டிங்ஸ்லயே பாட்டு தானா ஆரம்பிக்கலாமான்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அணைச்சிருங்க.

இறங்கினப்புறம் பாக்கெட்ல பாடுறது ஆப்போட குறை. புளூடூத்தோ ஹெட்போன் வயரோ அறுந்தா, இனிமே சத்தம் வெளிய கேக்கப் போகுதுன்னு ஆண்ட்ராய்டு எல்லா ஆப்புக்கும் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை விடும், ஒழுங்கா எழுதின ஆப் உடனே பாஸ் ஆயிரும், ஒழுங்கில்லாதது காதுலயே வாங்காது. உங்களுது வாங்காத ஆப். செட்டிங்ஸ்ல ஹெட்செட் கழட்டினா நிறுத்துன்னு எதாச்சும் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா தயங்காம வேற ஆப்புக்கு மாறிடுங்க. இதுக்கெல்லாம் போராடி டைம் வேஸ்ட் பண்ண வேணாம்.

கேள்வி: பர்கூர்ல இன்ஜினியரிங் படிக்கிறேன். குரோம்ல இருபது முப்பது டேப் தொறந்து வச்சிருப்பேன், எதுலயோ பாட்டு ஓடும், எதுன்னு தெரியாது. மொத்தமா குரோமை மூடினாலும் சில சமயம் சத்தம் வருது. ஹாஸ்டல்ல ஒருத்தி மேக், ஒருத்தி உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலா போடுற சிஸ்டம்) வச்சிருக்கா, அவங்களுக்கும் இதே புலம்பல்.
– மாணவி, பர்கூர்

பதில்: பாப்பா, பாடுற டேப்போட தலையில குட்டியா ஸ்பீக்கர் படம் இருக்கும், முப்பது டேப் தொறந்தா அது நசுங்கி தெரியாம போயிடும், அப்போ குரோமோட மேல் ஓரத்துல இசைக் குறி மாதிரி ஒரு பட்டன் வரும் பாரு, அதை அழுத்தினா எந்தெந்த டேப் பாடுதோ எல்லாம் ஒரே இடத்துல, அங்கயே பாஸ் பண்ணலாம். மூடினப்புறமும் பாடினா செட்டிங்ஸ்ல சிஸ்டம் பக்கத்துல, குரோம் மூடின பிறகும் பேக்ரவுண்ட் ஆப்புங்க ஓடலாம்னு ஒரு சுவிட்ச் ஆன்ல இருக்கும், அணை. ஸ்பாட்டிஃபை தனியா இறக்கி வச்சிருந்தா அதோட செட்டிங்ஸ்லயும் மூடுற பட்டனை அழுத்தினா ஜன்னலை ஒளிச்சு வைன்னு ஒண்ணு இருக்கு, அதையும்.

மேக்ல சிவப்புப் புள்ளி ஜன்னலை மட்டும்தான் மூடும், ஆப் உள்ளயே இருக்கும், அது அங்க பிறவிக் குணம், கீழ டாக்ல அந்தப் படத்துக்கு அடியில ஒரு சின்னப் புள்ளி இருந்தா இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம், கமாண்டும் க்யூவும் அழுத்தினாத்தான் போகும். உபுண்டு ஃப்ரெண்டு ரிதம்பாக்ஸ்ங்கற பாட்டு ஆப்ல கேக்கிறான்னா, பாட்டு ஓடும்போது மூடினா அது ஒளிஞ்சுக்கிட்டு பாடும், மேல கடிகாரத்தை அழுத்தினா பாஸ் பட்டன் கிடைக்கும், முழுசா வெளிய வர கன்ட்ரோலும் க்யூவும். முப்பது டேப்புக்கு என்கிட்ட மருந்து இல்ல.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ராயக்கோட்டையில இருந்து தக்காளி லோடு ஏத்திக்கிட்டு ராத்திரி சென்னைக்கு ஓட்டுறேன், தூக்கம் வராம இருக்க பாட்டு வேணும். ஸ்கிரீன் அணைஞ்ச கொஞ்ச நேரத்துல பாட்டு தானா நின்னுருது. மூடாமலே நிக்குது!
– லாரி டிரைவர், ராயக்கோட்டை

பதில்: அண்ணே, பென்னாகரம் அக்கா பாட்டை உங்களுக்கு பாதி குடுக்கச் சொல்லலாம். உங்க போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு பின்னாடி ஓடுறதை எல்லாம் அடிச்சு மூடுது, சில கம்பெனி போன்ல இது ரொம்பவே ஓவரா இருக்கும். செட்டிங்ஸ், ஆப்ஸ், உங்க பாட்டு ஆப், பேட்டரின்னு போய் அன்ரெஸ்ட்ரிக்டட்னு மாத்துங்க, பேட்டரி சேவரையும் அணைச்சு வைங்க, லாரியிலதான் சார்ஜர் இருக்கே. சில போன்ல ஆட்டோஸ்டார்ட்னு தனியா ஒரு இடம் இருக்கும், அங்கயும் அனுமதி குடுங்க. நெட்ல கேக்கிறீங்கன்னா சிக்னல் இல்லாத இடத்துல நிக்கிறதும் இருக்கு, அதுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி பாட்டை இறக்கி வச்சுக்கிறதுதான் வழி. யூடியூப்ல ஸ்கிரீனை அணைச்சுட்டு கேக்கணும்னா மாசக் கட்டணம் கட்டுறவங்களுக்குத்தான் அது, அங்க போன் மேல தப்பில்ல. அப்புறம் அண்ணே, தூக்கம் வந்தா பாட்டு போடாதீங்க, வண்டியை ஓரம் கட்டுங்க.

கேள்வி: பட்டன் போன். ரேடியோ கேட்டுட்டு சிவப்பு பட்டனை அமுக்கினா படம் போயிருது, ரேடியோ போவல.
– அரூர் பெரியவர் (பேத்தி எழுதினது)

பதில்: தாத்தா, சிவப்பு பட்டன் முகப்புக்குத்தான் கொண்டு வரும். மறுபடியும் ரேடியோவுக்குள்ள போய் நடு பட்டனை அமுக்குங்க, நின்னுரும். வெளிய வரும்போது பின்னாடி ஓடட்டுமான்னு கேட்டா வேணாம்னு குடுங்க. அவசரத்துக்கு இயர்போன் வயரைப் பிடுங்கிருங்க, நிறைய பட்டன் போன்ல அந்த வயர்தான் ரேடியோவுக்கு ஏரியல், பிடுங்கினா தானா அடங்கிரும்.

கேள்வி: நீங்க சொல்றதெல்லாம் நம்ம கையில இருக்கிற பாட்டுக்கு. எங்க தெருவுல ஆடி மாசம் பொறந்தா கோயில் ஸ்பீக்கர் விடியக்காலை நாலரைக்கு ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும். அதை நிறுத்த எந்த பட்டன்?
– பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோட அம்மா, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, பட்டன் இருக்கு. 2000-ல மத்திய அரசு போட்ட ஒலி மாசு விதிப்படி வெளியிடத்துல ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஸ்பீக்கர் போடக் கூடாது, அதனால நாலரை மணிக்குப் போடறது தப்புதான். திருவிழா மாதிரி விசேஷத்துக்கு மாநில அரசு ராத்திரி 12 வரைக்கும் விலக்கு குடுக்கலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தமா 15 நாளுக்கு மேல போகக் கூடாது. பகல்ல போடறதுக்கும் எழுத்து மூலமா அனுமதி வாங்கணும், குடியிருப்புப் பகுதியில பகலுக்கு 55 டெசிபல், ராத்திரிக்கு 45 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டரை அமைதிப் பகுதின்னு வச்சா அங்க இன்னும் கம்மி.

ஆனா எடுத்த உடனே 112-க்கு போன் போடாதீங்க, ஒரே தெருவுல காலம் தள்ளணும். முதல்ல கோயில் நிர்வாகத்துல இருக்கிற ஒரு பெரியவரைப் பிடிச்சு, பரீட்சை தேதியைச் சொல்லி, ஆறு மணிக்கு ஆரம்பிங்க, குழாய் ஸ்பீக்கரை தெருப்பக்கம் திருப்பாம கோயில் பக்கம் திருப்புங்கன்னு கேளுங்க. கேக்கலேன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, நாலஞ்சு வீட்டுக்காரங்க கையெழுத்தோட. தனியா ஒருத்தர் குடுத்தா அந்த வீட்டுப் பேரு சாயங்காலமே கோயில்ல பேச்சாயிரும்.